மாப்பிள்ளைக் கிடாவின் மகள்கள்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. அக்காதான் நச்சரித்தாள். "ஊர்ல இல்லாத காதலையெல்லாம் எழுதுறே, என் கிடாவுக்கு ஒரு பக்கம் எழுதக் கூடாதாடா?"

அக்காவும் அத்தானும் பாலுக்காகச் செம்மறி வளர்ப்பவர்கள். அத்தான் கறப்பார், அந்தப் பாலில் அக்கா சீஸ் செய்வாள். இருவரும் சேர்ந்து செய்யும் ஒரே வேலை சண்டை.

2

"பனி விலகாத காலையில், கிடா தொடுவானத்தை…"

(அடித்துவிட்டேன். கிடா எங்கே வானத்தைப் பார்த்தது? தீவனத் தொட்டியைத்தான் பார்க்கும்.)

விஷயத்துக்கு வருகிறேன். கிடாவுக்குப் பட்டப்பெயர் மாப்பிள்ளை. வேலைவெட்டி கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு. கிடா பால் தராது (தெரியும், சும்மா சொல்லிவைக்கிறேன்). அதன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது மகள்களைக் கறந்தால்தான் தெரியும். கறந்தார்கள். கேன் பாதிகூட நிறையவில்லை.

"கசாப்புக்காரரை வரச் சொல்லிட்டேன்" என்றார் அத்தான்.

"பால் கம்மிதான். ஆனா எவ்வளவு கெட்டி, பாத்தீங்களா?"

"உன் நாக்கு சொன்னாப் போதுமா? பரிசோதனைக்கு அனுப்பு. கொழுப்பு இருந்தா இனிமே மொத்த மந்தைக்கும் அவன்தான் அப்பன். இல்லேன்னா கறிதான்."

3

இந்த இடத்தில் அக்கா என்ற கதாபாத்திரம் என் கையை மீறிவிட்டாள். முழுக் கறவையையும் கலக்கிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். அவள் புட்டியில் பிடித்தது மடி வற்றும் நேரத்துக் கடைசிப் பீச்சலை.

(அடிக்குறிப்பு போடச் சோம்பல், இங்கேயே சொல்கிறேன்: முதலில் வரும் பால் தண்ணி, கடைசியில் வருவதில்தான் கொழுப்பு. எந்த ஆட்டுக்கும் அப்படித்தான்.)

"அக்கா, இது போங்கு."

"வாயை மூடு. இவன் நல்ல கிடாடா. எனக்குத் தெரியுது, நிரூபிக்கத்தான் தெரியல."

4

முடிவு அ: அக்கா சொன்னதுதான் சரி. மகள்கள், பேத்திகள், எல்லாம் கெட்டிப் பால். அக்கா கேட்டது இதைத்தான்.

முடிவு ஆ: சில வருஷத்தில் கொட்டகை முழுக்க மாப்பிள்ளையின் வாரிசுகள். பாலும் இல்லை, கொழுப்பும் இல்லை. அத்தான் வெறும் கேனோடு நின்று… (எழுத முடியவில்லை.)

5

இன்று பரிசோதனை முடிவு வந்தது. கொழுப்பு எக்கச்சக்கம்.

"உன்னை நம்பாம பேசிட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார் அத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட முதல் மன்னிப்பு. அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கசாப்புக்காரர் வாசலில் டீ குடிக்கிறார். குடித்ததும் லாரியைக் காலியாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

அத்தான் கதையெல்லாம் படிக்கமாட்டார். அக்கா தன் வாயால் சொல்லமாட்டாள். எனக்கு அவள் அக்கா, நானும் சொல்லமாட்டேன். நடந்தது தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான். சொல்வதானால் சீக்கிரம் சொல்லுங்கள், டம்ளரில் இன்னும் ஒரு வாய்தான் பாக்கி.