புளி போட்டுத் தேய்த்த பாட்டு

செலியமேட்டில் மணவாளன் வீட்டுக் கூடத்தில், செத்துப்போன அவர் மனைவி விஜயகுமாரியின் கால்கள் தினமும் சாயங்காலம் ஆடின. கால்கள் மட்டும்தான், கணுக்காலுக்கு மேல் ஒன்றும் கிடையாது. சுமங்கலியாகப் போனவள் என்பதால் மஞ்சளும் மெட்டியும் இருந்தன. கால்கள் வருவதற்குப் பாட்டுப்பெட்டியைச் சுற்ற வேண்டும். புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய ஒரு துரை மணவாளனின் தாத்தாவிடம் விட்டுப்போன பெட்டி அது. பித்தளை உருளையில் சின்னச் சின்ன முட்கள். கைப்பிடியைச் சுற்றினால் அவை எஃகுப் பற்களைத் தட்டும், வெள்ளைக்காரர்கள் ஜோடி போட்டு ஆடிய பாட்டு வரும். உருளைகள் பல உண்டு. விஜயகுமாரிக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. உயிரோடு இருந்தபோது முந்தானையைச் செருகிக்கொண்டு அதற்கு ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் உலை வைப்பாள். காய்ச்சலில் போன பிறகும் பழக்கத்தை விடவில்லை, அவ்வளவுதான். நம்பாதவர்கள் பாகூரிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். செல்போனில் பிடித்தால் வெறும் சிமெண்ட் தரைதான் விழுந்தது, சத்தமும் பதியவில்லை.

ஆயுதபூஜை வந்தது. வீட்டில் உழைக்கிற எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். மணவாளனின் தங்கை இளவரசி டிராக்டர், மோட்டார், அரிவாள், மிக்சி என்று வரிசையாகக் கழுவிவிட்டு, பெட்டியும் உழைக்கிறதுதானே என்று உருளையைக் கழற்றிப் புளியும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்தாள்.

"இன்னாமா பளபளன்னு ஆயிடுச்சி பாருண்ணா!"

கண்ணாடி மாதிரிதான் ஆகியிருந்தது. ஒரு முள் மிச்சமில்லை.

மணவாளன் அதற்கும் குங்குமம் வைத்துச் சுற்றினார். சத்தம் வரவில்லை. கால்கள் மட்டும் வழக்கம்போல் வந்து, ஒரு குதிகாலைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றன. இளவரசி "அண்ணி, தெரியாம பண்ணிட்டேன் அண்ணி" என்று விழுந்து அழுதாள். கால்கள் கூச்சப்பட்டு ஓரடி பின்னால் நகர்ந்தன. ஆனால் போகவில்லை. மற்ற உருளைகளைப் போட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. பொங்கலுக்குள் கால்கள் வீங்கி, மெட்டி சதையில் பதிந்துவிட்டது. மணவாளன் மணை போட்டுப் பார்த்தார். உட்கார இடுப்பு வேண்டுமே.

பாட்டைத் தேடிக் கிளம்பினார். அவருக்குப் பாட்டு வராது, முனகிக் காட்டினால் டீக்கடையில் "இன்னாண்ணா, டிராக்டர் ஸ்டார்ட் ஆவலியா?" என்றார்கள். பிள்ளைச்சாவடியில், சின்ன வயதில் அந்தத் துரை வீட்டில் பாத்திரம் துலக்கிய ரோசம்மாள் இருந்தாள். தொண்ணூறைத் தாண்டியவள். பொக்கை வாயால் பாதிப் பாட்டைப் பாடிவிட்டு, "மீதி வர்றதுக்குள்ள தொர ஊருக்குப் பூட்டாரு சாமி. ஜன்னலுக்கு வெளிய நின்னு வில்லியனூர் பேண்டுக்காரங்க கேப்பாங்க, அங்க போய்க் கேளு" என்றாள்.

வில்லியனூரில் கிளாரினெட் அரிகரன், மணவாளன் செல்போனில் பிடித்து வந்த ரோசம்மாளின் பாதியைக் கேட்டதும் மீதியை ஊதினார். ஊதிவிட்டு மணவாளனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இத்தையா ஊரெல்லாம் தேடற? எங்க பெரியவங்க காலத்துலருந்து சாவுக்கு மெதுவா வாசிக்கிறதுதான் இது. உன் வூட்டுச் சாவுக்கே வாசிச்சமே."

பிள்ளையில்லாத வீடு, கொள்ளிச்சட்டியை மணவாளனே தூக்கி முன்னால் போனார். அன்றைக்கு அவர் காதில் எதுவும் விழவில்லை.

அரிகரன் செலியமேட்டுக்கு வந்து கால்களைப் பார்த்தார், கும்பிட்டார்.

"வேகமா ஊதுப்பா, ஆடட்டும்."

"எனக்கு வர்றதே சாவு நடைதான். ஊதுனா இது இங்க நிக்காது. யோசிச்சிக்க."

மணவாளன் குனிந்து, சதையில் பதிந்த மெட்டியைப் பார்த்தார். ஊதாவிட்டால் கண்ணெதிரிலேயே இருக்கும், நின்றுகொண்டே இருக்கும்.

"ஊது" என்றார்.

தூக்கியிருந்த குதிகால் இறங்கியது. கால்கள் ஆடவில்லை, நடந்தன. வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கின. இளவரசி வழக்கப்படி தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். கொள்ளிச்சட்டி தூக்குகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அன்றைக்குப் பார்க்காத மணவாளன், இந்தத் தடவை பின்னால் நடந்து, அவள் குதிகால் வெடிப்புவரை பார்த்துக்கொண்டே போனார். கரும்புக் கொல்லையைத் தாண்டி, சுடுகாட்டு மதகருகில் அரிகரனுக்கு மூச்சு முட்டிப் பாட்டு நின்றது. கால்கள் இல்லை.

வந்த வழியெல்லாம் மஞ்சள் தடம் பதிந்திருந்தது. அடுத்த கோடையில் தார் போட வந்தவர்கள் தேய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை. அந்தந்த இடத்தை விட்டுவிட்டுத் தார் போட்டார்கள். மழை பெய்தால் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. கரும்பு வண்டிகள் கொஞ்சம் ஒதுங்கிப் போகின்றன.