வாசனை சேர்க்காத ஆறு கட்டிகள்

படைத்தவன் மனிதருக்குப் புலன்களை ஐந்தாக வகுத்துக் கொடுத்தான். கொடுத்தவற்றுள் ஒன்றை அவளிடமிருந்து ஒரு காய்ச்சலின் வழியே திரும்ப வாங்கிக்கொண்டான். அதற்காக அவள் அவனோடு வழக்காடவில்லை. தந்தவனுக்கு எடுக்கவும் உரிமை உண்டென்று காலையும் மாலையும் கைகூப்பினாள். ஆனால் தராதவர்கள் எடுத்துக்கொண்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் கணவர் எடுத்துக்கொண்டது அடுப்பை.

அடுப்பையே பெயர்த்துக்கொண்டு போனார் என்பதல்ல. சிலிண்டரின் தலையில் மாட்டும் ரெகுலேட்டரைக் காலையில் கழற்றித் தம் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதி வைப்பவர். சாப்பாட்டு டப்பாவுக்கும் மடக்குக் குடைக்கும் நடுவே அந்த ரெகுலேட்டர் எட்டு மணி நேரம் உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பும். மூக்குள்ள ஓர் ஆள் வீட்டில் இருக்கும்போதுதான் அடுப்பு எரியலாம் என்பது அவர் விதித்த சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பிற்பகலில் பால் பொங்கி வழிந்து தீயை அவித்துவிட்டது. அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாயு வீடெங்கும் நிறைந்ததை மேல்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவை இடித்துச் சொல்லித்தான் அறிந்தாள். அன்று அவள் நடுங்கியது மெய். நடுக்கம் மூன்று நாளில் ஓய்ந்தது. சட்டம் ஓயவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்துக்கடையில் மருந்தாளுநராக நின்றவள் அவள். இம்மியளவு பிசகினாலும் உயிர் பிசகும் என்ற இடத்தில் ஒருநாளும் பிசகாதவள். அப்படிப்பட்டவள் ஒரு குவளை வெந்நீர் வைப்பதற்குக் கணவர் பணிமனையிலிருந்து வரும்வரை காத்திருந்தாள்.

"சுவத்துல மாட்டற அலாரம் ஒண்ணு விக்குதுங்க. கேஸ் கசிஞ்சா கூவுமாம். வாங்கி மாட்டிடலாமே" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"மெஷின் ஏமாத்தும். மூக்கு ஏமாத்தாது" என்றார் கணவர்.

"அப்ப என் மூக்கு?"

"அது நீண்ட விடுப்புல இருக்கு."

மகள் சிரித்தாள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்புத்தான் பிறகு நெஞ்சில் முள்ளாக நின்றது.

வாசனைச் சோப்புச் செய்யப் புறப்பட்டது அந்த முள்ளினால்தான். கைவினைப் பொருள்கள் விற்கும் கடையில் வெண்பளிங்குப் பாளம்போல் சோப்பு மூலக்கட்டி ஒன்று இருந்தது. அதை உருக்கி, நிறமும் மணமும் கலந்து, அச்சில் வார்த்தால் சோப்பு. எண்ணெயில் காரம் சேர்த்துக் காய்ச்சும் வேலையெல்லாம் முன்பே முடிந்தது என்றாள் கடைப்பெண். எந்த வாசனைத் தைலம் வேண்டும் என்றும் கேட்டாள்.

"எதுவா இருந்தாலும் சரிம்மா. எனக்கு மூக்கு வேலை செய்யாது."

கடைப்பெண் அதை வேடிக்கைப் பேச்சென்று கொண்டு, லாவெண்டர் ஒன்றும் எலுமிச்சை ஒன்றுமாக இரண்டு குப்பிகளைப் பொட்டலம் கட்டினாள்.

வீட்டில் பொட்டலம் பிரிந்ததும் கணவர் உதட்டைப் பிதுக்கினார். "வாசனை சோப்பு, அதுவும் நீ! முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையால்ல இருக்கு."

"ஏறி எடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் குடையை விரித்துப் பார்த்து மறுபடி மடக்கினார்.

முதல் சோப்பு, மகளுக்கு விடுமுறையாதலால் ரெகுலேட்டர் வீட்டில் தங்கிய ஒரு சனிக்கிழமை காலையில், மகளின் காவலில் வார்க்கப்பட்டது. காவல் என்பது, மகள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக் கைப்பேசி பார்ப்பது. பாளத்தைக் கட்டைவிரல் அளவு துண்டுகளாக நறுக்கி, சிறு பாத்திரத்தில் இட்டு, அதைக் கொதிநீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் இறக்கினாள். புதிதாகக் கற்பவர் எல்லோருக்கும் வரும் அவசரம் அவளுக்கும் வந்தது. எவ்வளவு சூடோ அவ்வளவு நன்றாக உருகும் என்று எண்ணித் தீயைத் தூண்டினாள். உருகியது நுரைத்துக் குமுறும்போதே லாவெண்டரைக் கொட்டினாள். அது போதாதென்று, சீக்கிரம் இறுகட்டும் என அச்சுகளைக் குளிர்பெட்டியில் வைத்தாள். மாலையில் எடுத்தபோது கட்டிகள் ஓடிக் களைத்தவன் நெற்றிபோல் முத்து முத்தாக வியர்த்திருந்தன.

கணவர் ஒரு கட்டியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "அடடா!"

"செம வாசனைம்மா!" என்றாள் மகள்.

அவள் உள்ளம் குளிர்ந்தது. குளிர்ந்தது பத்து நாள்.

பதினோராம் நாள் குளியலறையைக் கழுவும்போதுதான் கண்டாள். கடையில் வாங்கிய சோப்பு குழைந்து, தேய்ந்து, பாதியாகக் கிடந்தது. அவள் வார்த்த சோப்போ வாளிக்குப் பின்னால், அச்சில் பதிந்த இலையின் நரம்புகூட அழியாமல், வார்த்த அன்று போலவே இருந்தது. மூக்குப் போனவளுக்குக் கண் போகவில்லை. கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு, மருந்து திரும்பி வந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள்: பிழை எங்கே என்று தேடினாள். சோப்பு செய்வோர் எழுதிவைத்த குறிப்புகளைக் கைப்பேசியில் ஒன்றுவிடாமல் படித்தாள். கொதிக்கும் குழம்பில் தைலத்தை ஊற்றினால் மணம் ஆவியோடு பறந்துவிடும். சூடு ஐம்பத்தைந்து பாகைக்குத் தணிந்த பின்னரே கலக்க வேண்டும். கட்டியைக் காற்றுப் படாமல் பொதிந்து வைக்காவிட்டால் ஈரத்தை ஈர்த்து வியர்க்கும். அப்படியானால் அந்த முதல் கட்டிகளில் மணமே தங்கியிருக்க முடியாது. அப்படியானால் அந்த 'அடடா'?

பிழையை அவள் தன்மீது ஏற்றுக்கொண்டாள். பொய்யை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மருந்தில் தேன் குழைத்துக் கொடுக்கலாம். மருந்தே இல்லாமல் தேனை மட்டும் கொடுத்து நோய் தீர்ந்தது என்று சொல்லலாமா? சினம் அவளுக்குள் அடுப்பில்லாமலே கொதித்தது.

ஒரு வெப்பமானி வாங்கினாள். அடுத்த சனிக்கிழமை, அதே நாற்காலிக் காவலில், அறுநூறு கிராம் பாளத்தை நிதானமாக உருக்கினாள். கொதிக்க விடவில்லை. குமிழி எழாதபடி மெல்லக் கிளறினாள். எலுமிச்சைப் பழ மஞ்சளாக நிறம் கலந்தாள். மணம் கலக்கவில்லை. ஒரு துளியும் கலக்கவில்லை. ஆறு அச்சுகளில் வார்த்து, மேசைமேல் தானே ஆறவிட்டாள். மகள் தலை நிமிரவே இல்லை.

ஞாயிறு காலை நாத்தனார் வந்தாள். கணவருக்கு மூத்தவள், இருபத்தெட்டு ஆண்டுகள் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த அம்மாளிடம் பொய்சொல்லித் தப்பியவர் எந்தப் பெட்டியிலும் இல்லை என்பார்கள். அம்மாளின் நாக்குக்கு அஞ்சி, நாத்தனார் வரும் ஞாயிறுகளில் அவளுக்கு முன்பெல்லாம் தலைவலி வந்துவிடும். அன்று வரவில்லை. மூவர் முன்னாலும் தட்டில் ஆளுக்கொரு மஞ்சள் கட்டியை வைத்தாள்.

"புதுசா செஞ்சேன். எப்படி இருக்கு, சொல்லுங்க."

கணவர் முந்திக்கொண்டார். "எலுமிச்சை! ஆஹா, நாக்குல எச்சில் ஊறுது போ!"

"பின்னாடி லேசா புதினாகூட வருதும்மா. சூப்பர்" என்றாள் மகள்.

நாத்தனார் முகர்ந்தாள். கட்டியைத் திருப்பி, மறுபுறம் முகர்ந்தாள். போலிச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் முகர்ந்தாள்.

"சொன்னா அழக் கூடாது."

"நான் அழற ஆளா, அண்ணி?"

"ஒரு வாசனையும் இல்ல. கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கு."

"அக்கா!" என்றார் கணவர்.

"எதுக்குடா என் காலை மிதிக்கற? டிக்கெட் இல்லாதவனை இருக்குன்னு எழுதச் சொல்றியா?"

சோப்பு வார்த்தவள் எழுந்து போய் எலுமிச்சைக் குப்பியைக் கொண்டுவந்து மேசை நடுவே வைத்தாள். மூடியைச் சுற்றிய முத்திரை உடையாமல் இருந்தது. அதைக் கணவர் பார்த்தார், மகள் பார்த்தாள், பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

"எலுமிச்சை ஒருத்தருக்கு, புதினா ஒருத்தருக்கு. நான் போடாத வாசனை எங்கிருந்து வந்துச்சு?"

"அம்மா... நீ வருத்தப்படுவியேன்னுதான்..." மகளின் குரல் தேய்ந்தது.

"வருத்தமில்லடி, கோபம். மூக்கு ஏமாத்தாதுன்னாரு உங்கப்பா. ரெண்டு மூக்கு, ரெண்டு பொய். இந்த மூக்குங்களை நம்பித்தான் ரெண்டு வருஷமா எனக்கு அடுப்பு கிடையாதா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? கேஸ் விஷயத்துல நான் பொய் சொல்வேனா?" என்று கணவர் நிமிர்ந்தார்.

"சாப்பாட்டு விஷயத்துல?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"தினம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சாப்பிடறீங்களே. அது நிஜமா?"

"சில நாள்... லேசா அடிப்பிடிச்சிருக்கும்."

"எத்தனை நாள்?"

"விடும்மா" என்றாள் மகள்.

நாத்தனார் மட்டும் விடவில்லை. "நான் வர்ற ஞாயித்துக்கிழமையெல்லாம் பிடிச்சிருக்கு. நான் சொல்ல வாயெடுத்தா இவன் என் காலை மிதிப்பான். என் கால்ல காய்ப்பே காய்ச்சுப் போச்சு."

அது அவளுக்கு உறைத்தது. அவள் கையால் கருகியதை உண்டு, இரண்டு ஆண்டுகளாகப் புன்னகை செய்திருக்கிறார்கள்.  

"அன்னிக்கே சொல்லியிருந்தா பக்கத்துல ஒரு கடிகாரம் வச்சிருப்பேன். அடிப்பிடிக்காம இறக்க மூக்கு எதுக்கு? நிமிஷம் தெரிஞ்சா போதும். நீங்க என் மேல இரக்கப்பட்டுப் பட்டு என்னைக் கத்துக்க விடாம பண்ணிட்டீங்க."

கணவர் குரலைத் தாழ்த்தினார். "பயமா இருக்கும்மா. அன்னிக்கு மேல்வீட்டுக்காரர் போன் பண்ணப்ப நான் பணிமனையிலேர்ந்து ஓடி வந்த ஓட்டம் எனக்குத்தான் தெரியும். பதினேழு வண்டியோட நேரம் அன்னிக்கு எழுதாமலே போச்சு."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பணிமனை நோட்டில் ஒரு வரி விட்டுப்போனாலும் தூங்காத மனிதர் அவர். அவள் முகம் இளகியது, சொல் இளகவில்லை.

"பயம் உங்களுது. அதை நீங்க வச்சுக்குங்க. அடுப்பு என்னுது."

உள்ளே போனவள், துணிகளுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். வெப்பமானி வாங்கிய அன்றே அலாரத்தையும் வாங்கியிருந்தாள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்வது. ஆகவே முழங்கால் உயரத்துக்கும் கீழே அளந்து, திருகாணியைத் தன் கையாலேயே முடுக்கினாள். பொத்தானை அழுத்தினாள். அலாரம் கீச்சிட்டது.

"பொத்தானை அழுத்தினா பொம்மைகூடக் கத்தும். கேஸுக்குக் கத்துமா?" என்றார் கணவர்.

நாத்தனார் கைப்பையைத் துழாவி ஒரு சிகரெட் லைட்டரை எடுத்தாள். "முறைக்காதே. ஓடற வண்டியில ஒருத்தன் குடிச்சான், பறிச்சேன்." தீப்பொறி எழாமல் அதன் வாயுவை மட்டும் அலாரத்தின் முன்னே திறந்துவிட்டாள். அது வைத்த கூப்பாட்டில் கணவர் மேசைமேல் ஏறாத குறை. மேலிருந்து மேல்வீட்டுக்காரர் "என்னாச்சு, என்னாச்சு?" என்று அலறினார். "சோதனை!" என்று இவள் சன்னல் வழியே கூவினாள். இரண்டு ஆண்டில் அவ்வளவு உரத்து அவள் பேசியதே இல்லை.

"சரி. இப்ப மூணு பேரும் வெளிய போங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ஒரு மூக்குகூட வீட்ல இருக்கக் கூடாது. நான் மட்டும், அடுப்பு மட்டும்."

நாத்தனார் முதலில் எழுந்தாள். மகள் கைப்பேசியோடு பின்தொடர்ந்தாள். கணவர் பழக்க தோஷத்தில் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"பையை வச்சிட்டுப் போங்க."

அவர் வைத்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தித் தாழிட்டாள். ரெகுலேட்டரைப் பையிலிருந்து எடுத்துச் சிலிண்டரின் தலையில் பொருத்தினாள். 'டக்' என்று அது அமர்ந்தது. சன்னலை அகலத் திறந்துவைத்து அடுப்பை மூட்டினாள். நீலச்சுடர் வட்டமாக மலர்ந்தபோது அவள் உதடுகள் அசைந்தன: மலருக்குள் மணமாக நிற்பவனே, மணத்தை என்னிடமிருந்து மறைத்தாய், உன்னை மறைக்கவில்லை. என் கைக்கு அளவு தெரியும். அது போதும், துணை நில்.

பாளம் உருகியது. வெப்பமானி அறுபத்தெட்டைக் காட்டியபோது தீயை அணைத்து, திருகை மூடி, மூடியதை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"என்ன பண்ற?" என்று கதவுக்கு அப்பாலிருந்து கணவர் குரல் வந்தது.

"ஆறட்டும்னு நிக்கறேன்."

"அலாரம் கூவலியே?"

"கூவினா உங்களுக்கும் கேக்கும்."

"அவளை விடுடா" என்று நாத்தனார் அதட்டுவது கேட்டது.

அறுபது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. மருந்துத் தராசில் லாவெண்டர் தைலம் பத்து கிராம் நிறுத்து, மெல்லக் கலந்தாள். அச்சில் வார்த்து, மேலே நின்ற குமிழிகளை மருந்துக்கடை ஸ்பிரிட் தெளித்து அடக்கினாள். எல்லாம் முடிந்தபின் நோட்டில் அளவுகளை எழுதிவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

நாத்தனார் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள். "இருக்கு. ரொம்பவே இருக்கு. நடையில நிக்கும்போதே மூக்கைப் பிடிச்சு இழுக்குது. தூக்கல்தான், குறை."

"எவ்வளவு குறைக்கலாம், அண்ணி?"

"கொஞ்சம். நான் என்ன தராசா? நீ குறைச்சிட்டுக் கூப்பிடு, வந்து சொல்றேன்."

"எனக்கென்னவோ அளவாத்தான்..." என்று தொடங்கிய கணவர், இரண்டு பெண்களும் ஒருசேரத் திரும்பியதைக் கண்டு நிறுத்தினார். மூச்சை உள்ளே இழுத்து, இந்த முறை கண்ணை மூடாமல் யோசித்தார். "இல்ல. அதிகம். எனக்குத் தலை வலிக்குது. சத்தியமா."

"அப்பா சொல்றது நிஜம்மா. எனக்குத் தும்மல் வருது" என்றாள் மகள். சொல்லிவிட்டுத் தும்மவும் செய்தாள்.

அவள் நோட்டைப் பிரித்து, 'பத்து கிராம்' என்றிருந்ததற்கு எதிரே 'மிகை' என்று எழுதி அடிக்கோடிட்டாள். இரண்டு ஆண்டுகளில் வாசனை பற்றி வீட்டார் அவளுக்குக் கொடுத்த முதல் மெய்ச்சொல் அது.

கணவர் நிலைப்படிக்குள் ஒரு காலை வைத்தார். "உள்ள வரலாமா?"

"அதுக்குள்ள என்ன அவசரம்? எட்டு கிராம் போட்டுப் பாக்கணும். இன்னும் ஒரு மணி நேரம் அங்கயே நில்லுங்க" என்றாள் அவள். அவர் காலை எடுக்கும்வரை பொறுத்திருந்து, கதவைச் சாத்தினாள்.