ஜெபக்கூடத்து மண்

"யாரு புள்ளைடி அது?"

செல்லப்பன் சோற்றுத் தட்டைக் காலால் எத்திவிட்டுத்தான் இதைக் கேட்டான். தட்டு அடுப்புக் கல்லில் முட்டிக் கவிழ்ந்தது. கருவாட்டுக் குழம்பு கூலி லயத்தின் வரிசை வீட்டு மண் தரையில் ஓடியது. ராசம்மா சோற்றைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். கலியாணமாகி ஆறு வருஷமாக மலடி என்ற பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள் அவள். இப்போது நாலாம் மாதம். விஷயத்தைச் சொன்னால் மனுஷன் தலைகால் தெரியாமல் ஆடுவான் என்று நம்பியிருந்தாள், பாவி மகள்.

"என்ன கேக்கறீங்க நீங்க?"

"தமிழ்லதானே கேக்கறேன். ஐயாசாமி கங்காணி உனக்கு மட்டும் எதுக்கு ரோட்டோர நெரைய குடுத்தான்? உன் மூஞ்சியப் பாத்தா?"

"மேட்டு நெரையில வாளிய தூக்கிட்டு ஏறினா புள்ள தங்காதுன்னு நான்தாங்க கேட்டேன். பெரட்டுல அத்தனை பேரு முன்னால கேட்டேன்."

"அத்தனை பேரு முன்னால கேட்டது அது. யாரும் இல்லாதப்போ கேட்டது எது?"

மலாயாவில் குளுவாங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நடந்தது இவ்வளவுதான். ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏற்றம் இல்லாத ரோட்டோர மர நிரையைக் கேட்டாள். கங்காணி அன்றைக்கு ஏதோ நல்ல புத்தியில் இருந்தான், கொடுத்துவிட்டான். மேட்டில் ஏறிக்கொண்டிருந்த நாலு பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வாரத்தில் பேச்சு லயம் முழுக்கச் சுற்றிவிட்டுச் செல்லப்பன் காதுக்குள் வந்து படுத்துக்கொண்டது. அவன் கங்காணியிடம் போய் ஒரு வார்த்தை கேட்டானா? எப்படிக் கேட்பான்? மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் வெட்டி அனுப்பினால் சோற்றுக்கு யார் வீட்டுக்குப் போவது? கேட்பதற்கு வாகாக வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளைக் கேட்டான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தங்கராஜு உபதேசியாரிடம் போனான்.

உபதேசியார் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது. அந்தத் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவர்தான் எல்லாம். குருப்பட்டம் பெற்ற பாதிரி ஐயர் ஜொகூர் பாருவிலிருந்து எப்போதாவதுதான் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், சாவு, சண்டை சமாதானம் எல்லாம் உபதேசியார்தான். புதன்கிழமை தோறும் வேதபாடம் நடத்துவார். ஆதியிலிருந்து வரிசையாக, ஒரு அதிகாரத்தைக்கூடத் தாண்டாமல் படிப்பது அவருடைய பெருமை. மற்ற ஊர்களில் கஷ்டமான இடம் வந்தால் ஒதுக்கிவிடுகிறார்களாம். இவர் ஒதுக்கமாட்டார். "வேதத்துல கஷ்டமான இடம்னு ஒண்ணு கெடையாது. மனுசன் நெஞ்சுதான் கஷ்டம்" என்பார். படித்ததைப் படித்தபடி செய்யவேண்டும் என்பது அவர் சபையின் வழக்கம். லேவியராகமம் நடந்தபோது பிள்ளை பெற்ற பெண்களை, ஆணுக்கு இத்தனை நாள், பெண்ணுக்கு அதில் இரட்டிப்பு என்று கணக்குப் போட்டு வாசலுக்கு வெளியே உட்காரவைத்தார். பெண்களும் உட்கார்ந்தார்கள்.

செல்லப்பன் வந்து அழுத வாரம் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. கர்த்தரே ஏற்பாடு செய்தது என்று உபதேசியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

புதன்கிழமை விளக்கைத் தூண்டிவிட்டு அவர் படித்துக் காட்டினார். புருஷனுக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம் வருகிறது, சாட்சி இல்லை. அவன் அவளை ஆசாரியனிடம் கூட்டிவர வேண்டும். ஆசாரியன் மண் பாத்திரத்தில் பரிசுத்த தண்ணீர் எடுத்து, ஆலயத்துத் தரையின் மண்ணை அதில் போட்டு, சாபத்தை எழுதி அந்தத் தண்ணீரில் கழுவி அவளுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். தப்பு செய்தவளானால் வயிறு வீங்கும். செய்யாதவளானால் ஒன்றும் ஆகாது, பிள்ளை பெறுவாள். புருஷன் மேல் மட்டும் எப்படிப் போனாலும் குற்றமில்லை.

"ராசம்மா, நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

அவளுக்குப் பயம் வரவில்லை. அதுதான் கொடுமை. வாரக்கணக்கில் நெஞ்சை அடைத்துக் கிடந்த கல் ஒன்று நகர்ந்த மாதிரி இருந்தது. மனுஷர் நாக்குதான் அவளை நம்பவில்லை. தண்ணீருக்கு நாக்கு கிடையாதே. அது உள்ளே போய்ப் பார்க்கட்டும். குடித்துவிட்டு எல்லார் முன்னாலும் நேராக நிற்கலாம், பிள்ளையைப் பெற்றுச் செல்லப்பன் மடியில் போடலாம்.

"குடிக்கிறேங்கய்யா" என்றாள்.

அடுத்த வீட்டு அங்கம்மாவுக்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அங்கம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். வேதம் கீதம் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் லாலான் புல்லை அழிக்க மருந்து அடிக்கிற கும்பலில் வேலை செய்தவள்.

"அலமாக்! உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? உங்க ஜெபக்கூடம் முந்தி என்னவா இருந்துச்சுன்னு மறந்துட்டியா? லாலான் மருந்து வச்சிருந்த ஸ்டோருடி அது! தகரம் ஒழுகி ஒழுகி ஊறின தரை. அங்க நக்கின ஆடு ரெண்டு வாய்ல நொரை தள்ளிச் செத்துச்சே, நீயும்தானே பாத்தே?"

ராசம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. புது ஸ்டோர் கட்டியதும் துரை அந்தப் பழைய கொட்டகையைச் சும்மா கிடக்கிறதே என்று கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்தார். சுவருக்கு வெள்ளையடித்து, பாட்டுப் பாடி, உள்ளே நுழைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் சாயங்காலமே உபதேசியார் வீட்டுக்குப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஜெபம் பண்ணிச் சுத்திகரிச்ச எடம்மா அது" என்றார் அவர். "தேவ சமுகம் இருக்கற எடத்துல மருந்தாவது மாயமாவது? மனசுல சுத்தம் இருந்தா பயம் எதுக்கு வருது?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னால் குற்றவாளி ஆகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்த வழியே திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு நெருங்கி நின்றார்கள். உபதேசியார் ஒரு கலயத்தில் ஞானஸ்நானத் தண்ணீரை ஊற்றினார். தரையில் எந்த மண்ணையும் எடுத்திருக்கலாம். மரியாதைப்பட்ட இடமாக இருக்கட்டும் என்று திருவிருந்து மேஜைக்கு அடியில் கையை விட்டார். மருந்துத் தகரங்களை அடுக்கி வைத்திருந்த மூலை அதுதான். உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் பொருக்கு விட்டிருந்தது. நகத்தால் சுரண்டி ஒரு பிடி போட்டார். சாபத்தை எழுதிய தாளை முக்கி எடுத்தார். மை கரைந்து தண்ணீர் நீலமாகிக் கலங்கியது.

"தப்பு பண்ணியிருந்தா இந்தத் தண்ணி உன் வயித்த வீங்க வைக்கட்டும். சொல்லு."

"ஆமென்" என்றாள் ராசம்மா. "ஆமென்" என்று இன்னொரு முறையும் சொன்னாள், தண்ணீருக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று. மடமடவென்று குடித்தாள். அடியில் தங்கிய மண்ணையும் உபதேசியார் விரலால் வழித்து வாயில் போடச் சொன்னார், போட்டுக்கொண்டாள். செல்லப்பனைப் பார்த்துச் சிரித்தாள்கூட. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் முதல் வாந்தி வந்துவிட்டது. அதன்பின் நிற்கவில்லை. குடலை யாரோ துணி முறுக்குவதுபோல முறுக்கினார்கள். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டாள், கொடுத்தால் அதையும் கக்கினாள். வயிறு உப்பிக்கொண்டு நின்றது. லயம் முழுக்க வாசலில் கூடிவிட்டது. உதவி செய்யவா வந்தார்கள்? பார்க்க வந்தார்கள். "பாத்தியா, வயிறு வீங்குது!" என்று ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டினாள். "கர்த்தர் கை நீண்ட கை" என்று ஒரு கிழவர் தலையை ஆட்டினார். அங்கம்மா அவர்களை மாற்றான் பெண்டாட்டி சாவதை வேடிக்கை பார்க்கிற நாய்களே என்று திட்டிக்கொண்டே, இரண்டு ஆட்களைப் பிடித்து மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். செல்லப்பன் வண்டியில் ஏறவில்லை.

பிள்ளை அன்றைக்கே விழுந்துவிட்டது. ஆண் பிள்ளை என்று ஆயா சொன்னாள். ராசம்மா காட்டச் சொன்னாள். அதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"இது விஷம்" என்று வைத்தியம் பார்த்த டிரஸர் பச்சையாகச் சொன்னார். "லாலான் மருந்து. மண்ணோட உள்ள போயிருக்கு. பொழச்சதே பெரிசு." அங்கம்மா இதைத் தோட்டத்தில் வந்து சொல்லாத ஆள் இல்லை. உபதேசியாருக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு இரவு அவர் தூங்கவில்லை என்கிறார்கள். மூன்றாம் நாள் அவருக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டது. "விஷமாவே இருக்கட்டும். தேவன் நெனச்சிருந்தா அந்த விஷத்தைத் தண்ணியாக்கியிருக்க மாட்டாரா? ஏன் ஆக்கல?" என்றார். சபைக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ராசம்மா பெயரைத் திருவிருந்திலிருந்து நீக்கினார்கள். செல்லப்பன் அவளுடைய துணிமணியைச் சாக்கில் கட்டி வெளியே வைத்தான். அங்கம்மா அதையும் அவளையும் தன் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

அடுத்த முறை ஐயர் வந்தபோது விவகாரம் அவரிடம் போனது. படித்த மனுஷர், சாந்தமான குரல். முழுவதையும் கேட்டு வேதனைப்பட்டார். ஞாயிறு பிரசங்கத்தில் அந்த அதிகாரத்தையே எடுத்துக்கொண்டார். ராசம்மா கடைசியில், வாசலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இது கடினமான பகுதி" என்றார் ஐயர். "ஆனால் ஆழமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் சந்தேகப்பட்ட புருஷன் மனைவியை அடித்தே கொன்றுவிடுவான். அவன் கையிலிருந்து அவளைக் காப்பாற்றத்தான் தேவன் இந்தச் சட்டத்தைக் கொடுத்தார். தண்ணீரும் மண்ணும் தானாக யாரை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. குடித்துவிட்டு அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். இது இரக்கத்தின் சட்டம். இன்றைக்கு நமக்குக் கிறிஸ்து இருக்கிறார். இந்தச் சடங்கு தேவையில்லை."

எவ்வளவு அழகான விளக்கம்! கேட்டவர்கள் உருகினார்கள். ராசம்மாவும் கேட்டாள். இத்தனையும் தெரிந்த ஒருவர் அவள் குடிப்பதற்கு முன்னால் ஏன் வரவில்லை என்று அவளுக்கு அழுகை முட்டியது. சரி, இப்போதாவது என் பக்கம் பேசுவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஐயர் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துவிட்டது. உபதேசியார் பக்தியில் அவசரப்பட்டுவிட்டார். ஆனால் அந்தச் சகோதரிக்கு நேர்ந்ததையும் நாம் லேசாகத் தள்ள முடியாது. உள்ளதை அறிந்தவர் ஒருவரே. அவள் முன்னே வந்து, மனதில் ஏதாவது இருந்தால் அறிக்கை செய்துவிட்டால், இன்றைக்கே திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளலாம். செல்லப்பனும் மன்னிக்கத் தயாராக இருக்கிறான்."

செல்லப்பன் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினான்.

ராசம்மா எழுந்தாள். உடம்பு இன்னும் தேறவில்லை. கைகளில் தோல் உரிந்து கொண்டிருந்தது. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே நடந்து முன்னால் வந்தாள். எல்லாரும் அழுகைக்குக் காத்திருந்தார்கள். அவள் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து அந்த வெள்ளைப் பொருக்கை ஒரு பிடி அள்ளினாள். ஐயர் குடிக்க வைத்திருந்த தண்ணீர்த் தம்ளரில் போட்டு விரலால் கலக்கினாள்.

"மண்ணும் தண்ணியும் ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீங்க ஐயா. சுத்தமானவங்களை ஒண்ணும் செய்யாதுன்னு உபதேசியாரும் சொன்னாங்க" என்றாள். தம்ளரை உபதேசியார் முன்னால் நீட்டினாள். "குடிங்க."

அவர் ஒரு அடி பின்னால் போனார். "கர்த்தரைப் பரீட்சை பாக்கக் கூடாதும்மா."

"என்னைப் பாத்தீங்களே."

ஐயர் பக்கம் நீட்டினாள். அவர் வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டார். பிறகு செல்லப்பனிடம் போனாள். ஆறு வருஷம் "நீங்க" என்று கூப்பிட்ட வாய் அது.

"நீ குடி" என்றாள். "உன் மேல எப்படிப் போனாலும் குத்தமில்லேன்னு எழுதியிருக்குல்ல? எழுதினவரு உன்னைக் காப்பாத்துவாரு. குடிடா!"

அவன் வாயை இறுக மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். கொஞ்சம் முன்னால் அவளை மன்னிக்கத் தயாராக இருந்த ஆள்.

"அப்ப இது விஷம்னு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் ராசம்மா. தம்ளரைத் திருவிருந்து மேஜைமேல், அப்பத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள். அங்கம்மா வாசலில் நின்றிருந்தாள். இருவரும் லயத்துக்கு நடந்தார்கள். மறுநாள் பெரட்டில் ராசம்மா தானே கேட்டு மேட்டு நிரையை வாங்கிக்கொண்டாள்.

அவளிடம் வந்து தப்பு செய்துவிட்டோம் என்று சொன்னவர் அந்தச் சபையில் ஒருவர்கூட இல்லை. அவள் நடத்தையைப் பற்றிய பேச்சும் நிற்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜெபக்கூடத்துத் தரை முழுக்கச் சிமெந்து பூசிவிட்டார்கள். செல்லப்பன்தான் முன்னால் நின்று சாந்து குழைத்தான்.