பந்தாட்டக் கூலி

சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்காக நின்றிருந்த காலை ஷிப்டு வரிசையிலிருந்து பர்னபாஸை மட்டும் வெளியே இழுத்தார் மேஸ்திரி முனிரத்தினம். நல்ல உயரம் அவன். கீழே லெவல் என்னும் தாழ்ந்த சுரங்கப் பாதையில் கூரை இடித்து இடித்து உச்சந்தலையில் மயிர் முளைக்காத தழும்புகள் இருந்தன.

"நீ இன்னிக்குக் கீழ போவாணாம். தொர பந்து ஆடக் கூப்புடறாரு."

"கூலி?"

"அதே கூலிதான். போ, காத்தாட வாங்கிக்க."

மைதானத்தில் இரண்டு கம்பங்கள் நட்டு, உச்சியில் கல் சுமக்கும் மூங்கில் கூடைகளைக் கட்டியிருந்தார்கள். துரை அமெரிக்காவில் கற்றுவந்த ஆட்டமாம். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. கூடைக்குள் எறிய வேண்டும். விழுந்த பந்தைக் கூலியாள் ராஜப்பா ஏணியில் ஏறி எடுத்துத் தருவான்.

"கூடைக்கு அடியில ஓட்ட போட்டா பந்து தானா வுழும். தொரைக்குத் தோணல பாரு," என்றான் ராஜப்பா. "நீங்களும் சொல்லிடாதீங்க. என் ஏணி வேல பூடும்."

துரை விசில் ஊதிப் பந்தை மேலே எறிந்தார். ஆட்டத்துக்குப் பொறுக்கியிருந்த ஏழு பேரும் அப்படியே குந்திக் காதைப் பொத்திக்கொண்டார்கள். பந்து அவர்கள் நடுவில் விழுந்து உருண்டது. கீழே வெடித் திரியைப் பற்றவைத்ததும் மேஸ்திரி ஊதுவது இதே விசில்தான்.

துரை முகம் சிவக்கச் சிரித்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"அடுத்த மாசம் பக்கத்து மைனோட மேட்சு," என்றார் முனிரத்தினம். "விசிலுக்குக் குந்தறவன் கீழ ஷாப்டுக்கே திரும்பிப் போலாமாம். ஜெயிச்சுக் குடுத்தா மேலயே வேல."

தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் அன்று மாலை பர்னபாஸ் களி தின்றுகொண்டிருந்தபோது, அவன் மனைவி ஐடா இரண்டு விரல்களை வாயில் வைத்து விசிலடித்தாள். அவன் கைகள் காதுக்குப் பறந்தன.

"காதுக்கும் களி ஊட்டறியா?"

"சும்மா இரு ஐடா."

"ஒரு நாள் மேல இருந்ததுக்கே இருமல் கொறஞ்சிருக்குது. நான் எப்பிடி சும்மா இருப்பேன்?"

தண்ணீர் எடுக்கும்போது, ஜெபத்துக்கு நடுவில், அவன் தூங்கத் தொடங்கும்போது என்று நினைத்த நேரமெல்லாம் அடித்தாள். பொம்பளை விசிலடிக்கலாமா என்று பக்கத்து வீட்டு ரத்தினம்மா கேட்டதற்கு, "புருசனுக்குப் பாடம் எடுக்கறேங்க்கா" என்றாள். மூன்றாவது வாரம் அவன் தோள் மட்டும் துள்ளியது. நான்காவது வாரம் அதுவும் இல்லை.

மேட்சு அன்று இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. கடைசிப் பந்துக்கு விசில் ஒலித்தது. பக்கத்து மைன்காரர்களும் வெடிக்குப் பழகியவர்கள்தான். பாதிப் பேர் குந்திவிட்டார்கள். பர்னபாஸ் நின்றான். பந்தைப் பிடித்தான், அவசரப்படாமல் கூடையில் போட்டான். துரைமார்களின் தொப்பிகள் மேலே பறந்தன.

பத்து நாள் கழித்து, கம்பங்களிலிருந்து கூடைகளை அவிழ்த்துக் கல் சுமக்க அனுப்பினார்கள்.

"தொர சீமைக்குப் போயிட்டாரு. புதுத் தொரைக்குப் பந்து புடிக்காதாம்," என்றார் முனிரத்தினம். "கேஜுல ஏறு."

"மேலயே வேலன்னு சொன்னாரே?"

"சொன்னவரு கப்பல்ல இருக்காரு."

ஏழாவது லெவலில் திரியைப் பற்றவைத்துவிட்டு, விசிலை ஊதியபடியே முனிரத்தினம் ஓடிவந்தார். வழியில் இருந்தவர்கள் எல்லோரும் சுவரோரம் குந்திக் காதைப் பொத்தினார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பர்னபாஸ் மட்டும், தலை கூரையில் இடிக்க, கைகளை முன்னால் நீட்டி நின்றுகொண்டிருந்தான்.