முப்பது பேர் இருந்தால்தான் கச்சேரி

தப்பு என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் வாயைக் கிளற வேண்டாம்.

பல்கலைக்கழக இசைப் பள்ளியில் எனக்குப் பதினோரு வருடமாக அரங்கக் காப்பாளர் வேலை. மேலே எண்ணூறு பேர் உட்காரும் பெரிய அரங்கு, கீழ்த்தளத்தில் அறுபது நாற்காலி போட்ட சின்ன அரங்கு, நடுவே பதினான்கு பயிற்சி அறைகள். எல்லாச் சாவியும் என் இடுப்பில். அன்று மூன்று மணிக்குப் பெரிய அரங்கில், குண்டூசி என்று நாங்கள் கூப்பிடும் மாணவியின் இறுதித் தேர்வுக் கச்சேரி நடப்பதாக இருந்தது. குண்டூசி ஒல்லிக்குச்சிப் பெண். அவள் வாசிப்பதோ அவளைவிட ஒரு முழம் உயரமான டபுள் பேஸ், நிறுத்தி வைத்து வாசிக்கும் ராட்சச வயலின். வெளியூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்று ஒலிப்பதிவுக்காகப் பெரிய அரங்கைக் கேட்டதால் அவளைக் கீழே மாற்றினோம். "கச்சேரி கீழ்த்தளத்தில்" என்று எழுதிப் பெரிய அரங்கின் கதவில் ஒட்டியவள் நான். ஆர்கெஸ்ட்ராவின் நாற்காலிகளை உள்ளே கொண்டுபோக அந்தக் கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து வைத்தவளும் நான். அறிவிப்பு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

குண்டூசியின் நண்பர் கூட்டம் மொத்தமும் பெரிய அரங்கில் போய் உட்கார்ந்துவிட்டது. பதிவுக்காரர்களும் தடுக்கவில்லை, ஆள் இருந்தால் எதிரொலி குறையுமாம். இரண்டரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவை இழுத்துச் சாத்தினேன். அறிவிப்பு என் மூக்குக்கு நேரே வந்து பல்லை இளித்தது.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் துணைவேந்தரே வந்தாலும் கதவு திறக்காது. உள்ளே எல்லாருடைய போனும் அணைந்திருக்கும். கீழே ஓடினேன். தேர்வுக் குழுவைத் தவிர ஆறு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் குண்டூசியின் அம்மா.

"எல்லாரும் எங்கக்கா?" என்றாள் குண்டூசி. "முப்பது பேர் இல்லன்னா தேர்வே செல்லாதுக்கா. ஒரு வருஷம் போயிடும். திங்கக்கிழமை வேலையில சேரணும், பட்டம் இல்லாம எப்படிப் போவேன்?"

"வந்துட்டே இருக்காங்கடி. நீ தந்தியை முறுக்கு."

பொய். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து உண்மை பேச எனக்குத் தெம்பில்லை.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல ஓடினேன். ஆறாம் பயிற்சி அறையில் ஊதிக்கொண்டிருந்த நால்வரின் வாயிலிருந்து டிரம்பெட்டைப் பிடுங்கி இழுத்து வந்தேன். கேன்டீனில் ஐந்து பேர், ஏப்ரனோடு வந்தார்கள். கழுவுதொட்டிக்கு அடியில் பிளம்பரின் கால்கள் தெரிந்தன, பிடித்து இழுத்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒன்பது பேர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"பஸ் வர நேரமாகும். கீழ ஏசி இருக்கு, வாங்க!"

ஏசி என்றதும் ஒன்பது பேரும் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. நூலகத்தில் இரண்டு பேர், தபால்காரம்மா ஒருத்தர். கடைசியாக எங்கள் நிர்வாக அதிகாரி.

"எனக்கு மீட்டிங் இருக்கும்மா."

"அங்க தூங்கறதை இங்க வந்து தூங்குங்க சார்."

மூன்று ஏழுக்குத் தேர்வுத் தலைவர் எழுந்து தலைகளை எண்ணினார். மூன்று பத்துக்குள் தொடங்காவிட்டால் தேர்வு ரத்து. மனிதர் சொந்தக் கல்யாணத்தில்கூடப் பந்தியை எண்ணியிருப்பார்.

"இருபத்தொன்பது."

"நான் இருக்கேனே சார், முப்பது!"

"அரங்கப் பணியில இருக்கிறவங்க கணக்குல வர மாட்டாங்கம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நிகழ்ச்சித் தாளைத் திருப்பிப் போட்டு அரைநாள் விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். அதிகாரியிடம் நீட்டினேன்.

"என்ன காரணம்?"

"கச்சேரி கேக்கணும்."

பிளம்பர் குனிந்து முதுகைக் கொடுத்தார், அதன்மேல் வைத்து அதிகாரி கையெழுத்துப் போட்டார். தலைவர் தாளை இருபுறமும் படித்தார், தேதியைச் சரிபார்த்தார்.

"முப்பது," என்று சொல்லிவிட்டுத் தானே போய்க் கதவைச் சாத்தினார்.

பதினோரு வருடத்தில் நான் ஒரு கச்சேரியைக்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. எப்போதும் கதவுக்கு வெளியேதான். கதவுக்கு வெளியே எந்த இசையும் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரிதான் கேட்கும். குண்டூசி வில்லை இழுத்தாள். அந்தக் கனத்த ஒலி தரை வழியாக வந்து, நாற்காலிக் காலில் ஏறி, என் முதுகெலும்பில் புகுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இத்தனை நாள் இதற்கா நான் கதவு திறந்துவிட்டேன், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

"உடம்பு சரியில்லையா?" என்றார் பிளம்பர்.

"பேசாம கேளுய்யா."

வெளியே பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஒன்பது பேரில் ஒருவர்கூட எழவில்லை. கேன்டீன்காரர்களின் கால்கள் தாளம் போட்டன. கடைசி ஒலி அடங்கியதும் கைதட்டலில் கூரை பிய்ந்தது. தலைவர் மதிப்பெண் ஏட்டை மூடி, "தேர்ச்சி," என்றார். குண்டூசியின் அம்மா ஓடிப்போய் மகளையும் டபுள் பேஸையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அதிகாரியின் போன் ஒலித்தது. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேல பதிவு முடிஞ்சிடுச்சாம். வாத்தியப் பெட்டி அறையைத் திறக்க ஆள் வேணுமாம். சீக்கிரம் போங்க."

"இன்னொண்ணு வாசி!" என்று பஸ் நிறுத்தத்துக்காரர்கள் கத்தினார்கள். குண்டூசி மறுபடி வில்லை எடுத்தாள்.

சாவிக் கொத்தைக் கழற்றி அதிகாரியின் மடியில் போட்டேன்.

"நான் லீவுல இருக்கேன் சார்."