ராக்காயியின் இடது கண்

இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் ராக்காயி. இரண்டு வருஷமாக அவள் கண்ணில் ஈரம் நிற்பதில்லை. காலையில் இமையைத் திறப்பதே பெரும்பாடாக இருக்கும். நாள் முழுக்க மணல் விழுந்த மாதிரி உறுத்தும். மாசி மாதத்து வறண்ட காற்றில் மலையில் நின்றால் ஊசி குத்துவதுபோல வலிக்கும். வலி தாங்காமல் அழுகை வரும். கண்ணீர் மட்டும் வராது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர்தான் டொக்டரய்யா. அவர் சொட்டு மருந்து கொடுத்தார். இளஞ்சூட்டுத் துணியை இமைமேல் வைக்கச் சொன்னார். அடுப்புப் புகை ஆகாது என்றார். தாய்ப்பால், தழைச்சாறு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் கண்ணில் விடக்கூடாது என்று கண்டித்தார்.

"இது ஒரேயடியா மாறுற கண் வருத்தமில்லை. ஆனால் அடக்கி வைச்சிருக்கலாம்" என்றார். "விடிய எழும்பினதும் ஒரு கண்ணைப் பொத்திப்போட்டு மற்றக் கண்ணாலை பாருங்கோ. பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பட்டுத் தாங்கேலாமல் வலிச்சாலோ அண்டைக்கே வரவேணும். நாளைக்குப் பார்ப்பம் எண்டு இருக்கக்கூடாது."

புகை ஆகாது என்றதும் அவள் புருஷன் ஆண்டியப்பன் அடுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. முதல் வாரத்து ரொட்டிகளை நாய்கூட முகர்ந்து பார்த்து, யோசித்துத்தான் தின்றது. ராக்காயி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்தபடி, "உப்பு போட்டாச்சா? தண்ணி போதும், போதும்" என்று குரல் கொடுப்பாள். லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

"என்ன ஆண்டியப்பா, கரண்டி புடிச்சிட்டியா?"

"ஆமா. ஒனக்கும் ரெண்டு ரொட்டி போடவா?"

கேலி செய்தவனே ஒருநாள் வாங்கித் தின்றுவிட்டு, சம்பலும் கேட்டான்.

இப்படியே பழகிப்போயிற்று. காற்றடிக்கும் பக்கம் முகத்தைக் காட்டாமல் பறிக்க ராக்காயி கற்றுக்கொண்டாள். கொழுந்து நிறுக்கும்போது வரிசையில் நின்றபடியே கண்ணை மூடி ஓய்வெடுப்பாள். சில நாள் கண் என்று ஒன்று இருப்பதே மறந்து போகும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கரப்பத்தனையில் ஆண்டியப்பனின் தங்கை ராசம்மாவின் மகளுக்குப் பூப்புச் சடங்கு வந்தது. மாமன் சீர் கொண்டுபோக வேண்டியவன் ஆண்டியப்பன். பலகாரம் சுடுவதில் மட்டும் ராக்காயி யாரையும் நம்பவில்லை. முந்தின நாள் முழுவதும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். கண் எரிந்தது. புகைதான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்தாள்.

விடிந்ததும் வழக்கம்போல வலது கண்ணைப் பொத்தினாள். எதிரே வேட்டி கட்டிக்கொண்டிருந்த ஆண்டியப்பன் பனிமூட்டத்துக்குள் நிற்பவன்போலத் தெரிந்தான்.

"ஏங்க, இங்கிட்டுத் திரும்புங்க."

"திரும்பித்தானே நிக்கிறேன்."

"ஒங்க மூஞ்சி தெரியலங்க."

அவன் கதவைத் திறந்தான். வெளிச்சம் பட்டதும் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நேத்துப் புகையா இருக்கும். மருந்த விட்டுப் பாரு. சடங்கு முடிஞ்சு சாயந்தரம் போயி காட்டுவோம்" என்றான். அவனுக்கும் பயம்தான், பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது.

அவள் மருந்து விட்டுக் காத்திருந்தாள். புதுச்சேலை பெட்டிமேல் மடித்து இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். மூட்டம் கலையவில்லை.

"இது தெனம் வர்ற வலி இல்லங்க. இது வேற. நா டொக்டரய்யாகிட்ட போறேன். நீங்க சீரக் கொண்டு போங்க."

"ஒன்னய இப்புடி விட்டுட்டா?"

"மாமன் இல்லாம புள்ளைய எப்புடி ஒக்கார வப்பாங்க? எனக்குக் காலு நல்லாத்தானே இருக்கு."

அவன் அவளைக் கைபிடித்து ஆஸ்பத்திரிவரை கூட்டிக்கொண்டு போனான். அம்பலவாணர் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"கருவிழியிலை சின்னப் புண் ஒண்டு இருக்கு. இண்டைக்கே வந்தது நல்லதாப் போச்சு. நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்றார். தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்கினார். துணைக்கு ஆஸ்பத்திரி ஆயா வீரம்மாவை அனுப்பினார். லொறி கிளம்பப்போகும்போதும் ஆண்டியப்பன் அதன் பலகையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"போங்கன்னா போங்க" என்று ராக்காயி அதட்டிய பிறகுதான் விட்டான்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டர் கண்ணில் மருந்து விட்டுக் கட்டுப்போட்டார். இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் பார்வையே போயிருக்கும் என்று அவர் சொன்னதை வீரம்மா தமிழில் சொன்னாள். ராக்காயி கண்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு, வந்துசேர்ந்தோமே என்று மூச்சுவிட்டாள்.

சாயங்காலம் ஆண்டியப்பன் நெற்றிச் சந்தனம் கலையாமல் வார்டுக்கு ஓடிவந்தான்.

"ராசம்மா கோவிச்சிக்கிட்டாளா?"

"மொதல்ல மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டா. சங்கதியச் சொன்னதும் அவதான் அண்ணே ஓடுன்னு பஸ்ஸுல ஏத்திவிட்டா. இந்தா, ஒனக்குச் சோறு கட்டிக் குடுத்திருக்கா."

ஒற்றைக் கண்ணோடு அவள் அந்தச் சோற்றைப் பொட்டலம் காலியாகும்வரை சாப்பிட்டாள்.

நாளாக ஆகப் புண் ஆறியது. கட்டைப் பிரித்தபோது டாக்டரின் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சின்னதொரு தழும்பு இருக்கும், பார்வைக்குக் கெடுதல் இல்லை என்றார். வறட்சி போகாது, சொட்டு மருந்தை விடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். ராக்காயியும் ஆண்டியப்பனும் நானுஓயாவில் ரயிலேறி வட்டகொடையில் வந்து இறங்கினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசம்மா மகளைச் சடங்குச் சேலையிலேயே கூட்டிக்கொண்டு வந்தாள். "அத்த பாக்காத சடங்கு என்ன சடங்கு?" என்று அந்தப் பெண்ணை லயத்து வாசலில் ஒரு பலகைபோட்டு உட்கார வைத்தாள். ராக்காயி சந்தனம் பூசி ஆரத்தி எடுத்தாள். பக்கத்துக் காம்பராப் பெண்களெல்லாம் வந்து குலவை போட்டார்கள். அந்தப் பெண் வெட்கத்தில் குனிந்துகொண்டே இருந்தாள். ராக்காயி அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, ஆசைதீரப் பார்த்தாள்.