வளர்ந்த கடைகளுக்கு நிவாரணம்

சந்தை சரிந்த நாலாம் மாதம் ஒரு நாள், நிதி அமைச்சகத்தின் துணைச் செயலருக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. சிறுதொழில்களுக்கான நிவாரணத் திட்டம் சாயங்காலத்துக்குள் மேசைக்கு வந்தாக வேண்டும். மத்திய வங்கி காலையிலேயே வட்டியைக் குறைத்துப் பெயர் வாங்கிக்கொண்டுவிட்டது. அமைச்சகம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா?

துணைச் செயலர் அலுவலக வழக்கப்படிதான் நடந்தார். புதிதாக எழுதினால் நூறு கேள்வி வரும், பழைய கோப்பைப் பிரதி எடுத்தால் ஒன்றும் வராது. கைக்கு அகப்பட்டது நாடு கொழித்த காலத்து ஊக்கத்தொகைத் திட்டம். தலைப்பில் 'ஊக்கத்தொகை'யை அடித்துவிட்டு 'நிவாரணம்' என்று போட்டார். ஏழாவது விதியை அவர் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட ஒன்பது மேலதிகாரிகளும் படிக்கவில்லை, ஓரத்தில் போதுமான இடம் விட்டிருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பார்த்தார்கள். அந்த விதி இதுதான்: கடந்த மூன்று மாதத்தில் விற்பனை பத்து சதவீதமாவது கூடியிருக்க வேண்டும்.

அதை முதலில் படித்த ஆள் துணைச் செயலருடைய தங்கை. பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள். ஆறு மெஷின், நாலு பேருக்குச் சம்பளம். இந்த வருடம் எல்லா வீட்டிலும் பழைய சீருடையையே மடிப்பைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். மாதக் கடைசிக்குள் வாடகை பாக்கியைக் கட்டாவிட்டால் கடை கைவிட்டுப் போய்விடும்.

"அண்ணா, வியாபாரம் படுத்ததுக்குத்தானே நிவாரணம்? ஏறியிருந்தாத்தான் தருவாங்களாமே! எந்த மகராசன் இதை எழுதினான்?"

மகராசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வட்டியைத்தான் குறைச்சாச்சே. பேங்க்ல கேட்டுப் பாரேன்."

"கேட்டேன். வட்டி கம்மிதானாம். கடன்தான் இல்லையாம்."

அன்று ராத்திரி அவர் ஏழாவது விதியை முதல்முறையாகப் படித்தார். அவர் பாசமில்லாதவர் அல்ல, முதுகெலும்பில்லாதவர், அவ்வளவுதான். மறுநாள் ஏழாவது விதியை நீக்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு செயலரிடம் போனார்.

செயலர் அதைத் தொடவே இல்லை. "ஒதுக்கின பணத்துல நூத்துக்கு மூணுதான் செலவாகியிருக்கு. என்ன அர்த்தம்? ஜனங்க கஷ்டத்துல இல்லைன்னு அர்த்தம். அமைச்சர் இன்னைக்கு அதைத்தான் பெருமையா அறிவிக்கப் போறார். உங்க பேரை இணைச் செயலர் பதவிக்கு எழுதியிருக்கேன். இப்போ போய் தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லப் போறீங்களா?"

துணைச் செயலர் குறிப்பை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் தங்கையின் கடைக்குப் போனார். ஆறு மெஷினும் வாசலில் நின்றன. பெயிண்டர் ஒருவர் 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகையைக் கையில் வைத்திருந்தார். அவரைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"நீங்க அமைச்சகத்துல இருக்கறதா தங்கச்சி சொன்னாங்க சார். அந்த நிவாரணம் எனக்குக் கிடைச்சுது! மூணு மாசமா தெருவுல எல்லாரும் இந்தப் பலகையைத்தான் கேக்கறாங்க. விற்பனை மூணு மடங்கு. இந்த ஏணியே அந்தப் பணத்துல வாங்கினதுதான். திட்டம் போட்டவர் நல்லா இருக்கணும்!"

தங்கை அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"புது ஏணி, வழுக்கும். சும்மாதானே நிக்கறே, கொஞ்சம் பிடிச்சுக்கோ அண்ணா," என்றாள்.

இணைச் செயலர் பிடித்துக்கொண்டார்.